சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் பிள்ளை எங்கே?

பெங்களூருக்கு நீங்கள் பஸ்ஸில் போயிருப்பீர்கள். கிருஷ்ணகிரியும் சூளகிரியும் தாண்டியபின், ஓசூர் வருவதற்கு முன்னால் கோபசந்திரம் என்று ஒரு கிராமம். 2023 பிப்ரவரி 2-ஆம் தேதி காலையில் அந்த வழியாகப் போன பிரயாணிகள் அந்தப் பெயரை லேசில் மறந்திருக்க மாட்டார்கள். எருது விடும் விழாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை என்ற கோபத்தில் வாலிபர்கள் நெடுஞ்சாலையை மறித்துவிட்டார்கள். மணிக்கணக்கில் வண்டிகள் நின்றன. பஸ்கள் மீது கல் பறந்தது. போலீஸார் கண்ணீர்ப் புகை வீசினார்கள். பலர் கைதானார்கள்.

எருதின் கொம்பில் அலங்காரத் தட்டியைக் கட்டி ஓட விடுவதும், அதைப் பறிக்க வாலிபர்கள் பாய்வதும் அந்தப் பக்கத்து விசேஷம்.

"முரட்டுப் பிள்ளைகள்!" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை மடித்து வைப்பது சுலபம். நானும் அப்படித்தான் மடித்து வைத்தேன். பிறகுதான் ஒரு சந்தேகம் தட்டியது. வருஷத்தில் ஒரு நாள் விழா. அந்த ஒரு நாளுக்காக இவ்வளவு ஆத்திரப்படுகிறவனுக்கு மற்ற நாட்களில் சாயங்காலம் என்ன வைத்திருக்கிறோம்? அக்கரையில் அத்திப்பள்ளி, இக்கரையில் மதுக்கடை. நடுவில் கையில் செல்போன்!

ஓசூர் இந்தக் கேள்வியை முன்பே ஒரு தரம் சந்தித்திருக்கிறது. 1980-ல் டி.வி.எஸ். மொபெட் பிறந்த ஊர் அது. அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் வந்தது. வேலைக்கு எடுத்தவர்களில் பலர் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த கிராமத்துப் பிள்ளைகள். பதினேழு, பதினெட்டு வயது. கையில் முதல் சம்பளம். கண்காணிக்க அம்மா இல்லை. எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்காதா? கம்பெனிக்கும் கலக்கியிருக்க வேண்டும்! வீடுகள் பிடித்து அவர்களைத் தங்க வைத்து, பார்த்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோரையும் நியமித்தார்கள். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிள்ளைக்கு வேலை கொடுத்தால் போதாது, வீடு திரும்பும்போது "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது, பாருங்கள்.

இதே விஷயத்தை ஒரு தேசமே செய்து பார்த்திருக்கிறது. பனிக்கடல் நடுவே இருக்கும் ஐஸ்லாந்தில் 1998-ல் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர், முந்தின மாதத்தில் ஒரு தடவையாவது குடித்துப் போதையேறியதாக ஒப்புக்கொண்டார்கள். 2016-ல் அது 5 ஆகிவிட்டது. தினம் சிகரெட் பிடிப்பவர்கள் 23-லிருந்து 3. என்ன மந்திரம்? விளையாட்டு, சங்கீதம், நடனம் என்று மாலைப் பொழுதை நிரப்பினார்கள். தலைநகர் ரேக்யவிக்கில், அந்தக் கட்டணத்துக்காக நகரசபையே குழந்தைக்கு இவ்வளவு என்று பணம் ஒதுக்கியது. அதோடு, பெற்றோர்கள் கூட்டாக இரவில் தெருக்களில் உலாப் போனார்கள். அடிக்க அல்ல, பார்க்க, பேச.

நம் ஊரிலும் சாமான்களுக்குப் பஞ்சம் இல்லை. 2024-ல் தமிழக அரசு கிராமப் பஞ்சாயத்துகளுக்கு விளையாட்டு உபகரணங்கள் வழங்கத் தொடங்கியது. மட்டையும் பந்தும் வந்துவிடும். பீரோச் சாவி யாரிடம் இருக்கிறது, மாலை ஐந்தரைக்கு அதைத் திறப்பவர் யார் என்பதுதான் கேள்வி. ஓசூர் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இப்போது இந்தியும் காதில் விழுகிறது. பந்துக்குப் பாஷை கிடையாது. ஆனால் சண்டை வந்தால் விலக்கிவிட ஒரு பெரியவர் வேண்டும்.

அந்தப் பெரியவர் ஆணாகத்தான் இருக்க வேண்டுமா? தெருவில் பத்து வீட்டுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு, தினம் இருவராக மைதான ஓரத்தில் ஒரு மணி நேரம் உட்காரலாம். கீரை ஆய்ந்துகொண்டே உட்காரலாம்! அம்மா இருக்கும் இடத்துக்குப் பெண் பிள்ளையும் வருவாள். ஷிப்டு முடிந்து விடுதிக்குத் திரும்பும் தொழிற்சாலைப் பெண்களும் நின்று பார்ப்பார்கள். நாலு நாள் பார்த்தபின், ஐந்தாம் நாள் வலைக்கு அந்தப் பக்கம் அவர்களும் நிற்பார்கள்.

திங்கட்கிழமை முறைக்கு உங்கள் தெருவில் யார் பெயரை எழுதலாம்?