சின்ன விடுதி, பெரிய ஊர் – 9: குளிக்க வெளியே அனுப்புகிறவர்கள்

டோக்கியோவின் யனாகா பகுதியில் 'ஹனாரே' என்றொரு விடுதி. அறைகள் ஐந்தே ஐந்து. அறைக்குள் குளியலறை கிடையாது. சாப்பாட்டுக் கூடம் கிடையாது. வரவேற்பு மேசைகூட அந்தக் கட்டடத்தில் இல்லை. சற்றுத் தள்ளி இன்னொரு கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. நம்மூரில் இப்படி ஒரு லாட்ஜைத் திறந்தால் வந்தவர் பெட்டியைக் கீழே வைக்காமலே நடையைக் கட்டிவிடுவார். ஹனாரேயில் அந்த இல்லாமைதான் சரக்கு.

இத்தாலிக் கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. 1976 நிலநடுக்கத்தில் காலியான ஃப்ரியூலி கிராமங்களும், தெருத்தெருவாகச் சிதறிக் கிடந்த அறைகளை ஒரே விடுதியாக நினைத்துப் பார்த்த ஜான்கார்லோ டல்லாராவும் வாசகர்களுக்கு மறந்திருக்காது. அந்த யோசனையின் கிழக்கத்திய உறவைப் பற்றி, குறிப்பாக அதன் சாப்பாட்டைப் பற்றி, இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தது. பாதி வழியில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பேசின் குறுக்கே வந்துவிட்டது. பழி அதன்மேல்.

முதலில் விடுதி. யனாகா 1923 நிலநடுக்கத்துக்கும் 1945 குண்டுவீச்சுக்கும் பெரிதாகப் பலியாகாமல் தப்பிய பகுதி. கோயில்கள், இடுகாடு, குறுகிய சந்துகள், மரவீடுகள். அங்கே 1955-இல் கட்டிய 'ஹகிசோ' என்ற இரண்டு மாடி மரக் குடியிருப்பில் கலைக்கல்லூரி மாணவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டடத்தை இடித்துவிடலாம் என்று முடிவானது. குடியிருந்தவர்கள் மல்லுக்கு நிற்கவில்லை. 'இடிக்கப் போவது உறுதிதானே, அதற்குள் ஒரு கண்காட்சி வைத்துக்கொள்கிறோம்' என்று கேட்டார்கள். 2012-இல் மூன்று வாரம், வீட்டையே குடைந்தும் கிழித்தும் கலைப்பொருளாக்கிக் காட்டினார்கள். சுமார் 1,500 பேர் வந்து பார்த்தார்கள். உரிமையாளருக்கு மனசு மாறியது. அங்கே குடியிருந்தவர்களில் ஒருவரான கட்டடக் கலைஞர் மியாசாக்கி மித்சுயோஷி பொறுப்பை எடுத்துக்கொண்டு, 2013-இல் கீழே காபிக் கடையும் கலைக்கூடமுமாகத் திறந்தார். 2015-இல் பக்கத்துத் தெருவில் காலியாகக் கிடந்த இன்னொரு பழைய குடியிருப்பு ஹனாரே ஆனது.

விருந்தினர் ஹகிசோ மாடிக்கு வந்து பெயர் பதிந்துகொள்வார். மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் வரைபடத்தை விரித்து, இன்னது எங்கே என்று சொல்லிக் கொடுப்பார். காலைச் சாப்பாடு கீழே காபிக் கடையில். இரவுச் சாப்பாடு தெருவில். வாடகைச் சைக்கிள் உண்டு. கடைவீதிதான் விடுதியின் கடை. ஊரே விடுதி என்பதுதான் அவர்கள் சொல்லிக்கொள்வது. குளியலுக்கு? துண்டும் சோப்பும் அடங்கிய ஒரு பையும், தெருவில் இருக்கும் பொதுக்குளியல் கடைக்கு ஒரு சீட்டும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள்.

அந்தப் பொதுக்குளியல் கடைக்குப் பெயர் சென்டோ. வெந்நீர் ஊற்று இல்லை. சாதாரணத் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றுகிற கடை. வீட்டில் குளியலறை இல்லாத காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தது. 1968-இல் டோக்கியோவில் மட்டும் 2,600-க்கு மேல். இப்போது 500-க்கும் கீழ். கட்டணத்தைக் கடைக்காரர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. போருக்குப் பின் 1946-இல் போட்ட விலைக் கட்டுப்பாட்டு ஆணை குளியல் கட்டணத்தை இன்னும் விடவில்லை; உச்சவரம்பை மாநகர நிர்வாகம் நிர்ணயிக்கிறது. 2024 ஆகஸ்ட்டில் டோக்கியோவில் அது 550 யென் ஆனது. எரிபொருள் விலை எங்கே ஏறினாலும் சரி, பெரியவர் ஒருவர் குளித்தால் அவ்வளவுதான்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். வாசலில் துணித் திரை. செருப்பை மரப்பெட்டியில் வைத்து அதன் மரச்சில்லை உருவினால் பூட்டிக்கொள்ளும், சில்லுதான் சாவி. ஆணுக்கொரு பக்கம், பெண்ணுக்கொரு பக்கம். உடைமாற்றும் இடத்தில் உடுத்தியது அத்தனையும் கூடைக்குள் போகிறது. அத்தனையும். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கூட்டத்தோடு நிற்கக் கூச்சப்படாத நம் ஆட்களுக்கும் இங்கே கால் கொஞ்சம் தயங்கும். அருவிக்கரையில் துண்டாவது துணைக்கு இருக்கும். அடுத்து, சுவரோரம் வரிசையாகக் குழாய்கள், எதிரே கண்ணாடிகள், முழங்கால் உயரமும் இல்லாத முக்காலிகள். உட்கார்ந்து, சோப்புப் போட்டு, நுரை ஒரு பொட்டும் மிஞ்சாமல் அலசிய பிறகே தொட்டிக்குள் இறங்கலாம். தொட்டி ஊறுவதற்கு. அழுக்கு எடுக்கும் வேலை குழாயடியோடு சரி. தண்ணீர் 42 டிகிரி, சில கடைகளில் அதற்கும் மேல். சின்னத் துண்டு தண்ணீரில் படக் கூடாது என்பதால் பலர் அதை மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். ஆண் பகுதிக்கும் பெண் பகுதிக்கும் நடுச்சுவர் கூரைவரை போகாது, 'கிளம்பலாமா?' என்று கணவன் இந்தப் பக்கமிருந்து கேட்டால் பதில் அந்தப் பக்கமிருந்து வரும்.

அந்தக் குழாயடியில் அடுக்கி வைத்திருப்பதுதான் மஞ்சள் பேசின். அடியில் பெரிய எழுத்தில் 'கெரோரின்' என்று போட்டிருக்கும். கூடவே தலைவலி, பல்வலி, மாதவிடாய் வலி. அது 1925-இல் வந்த வலிநிவாரணித் தூள். ஆஸ்பிரினோடு பட்டைத்தூள் கலந்தது. 1960-களில் சுகாதாரம் கருதி சென்டோக்கள் மரப் பேசின்களைக் கைவிட்டு பிளாஸ்டிக்குக்கு மாறிக்கொண்டிருந்தபோது, பேசினின் அடியிலேயே விளம்பரம் போட்டால் என்ன என்று ஒரு விளம்பரக்காரருக்குத் தோன்றியது. 1963-இல் முதல் பேசின் இறங்கியது. முதலில் வெள்ளை. அழுக்கு அப்பட்டமாகத் தெரிந்ததால் மஞ்சள். எழுத்து சோப்புக்கும் வெந்நீருக்கும் அழியாதபடி பிளாஸ்டிக்குக்குள்ளேயே பதித்தது. உட்கார்ந்தாலும் உதைத்தாலும் உடையாது என்று பெயர் வாங்கிவிட்டது. சென்டோ போகாதவர்கள்கூட ஞாபகார்த்தமாக வாங்கிப் போகிறார்கள்.

இந்த வாரத்தைத் தின்றுதீர்த்த தகவல் இனிமேல்தான். பேசின் இரண்டு அளவில் வருகிறது. டோக்கியோ இருக்கும் கிழக்குப் பக்கத்துக்கு 360 கிராம். ஒசாகா, கியோட்டோ இருக்கும் மேற்குப் பக்கத்துக்கு 260 கிராம். அங்கே ஆட்கள் தொட்டியிலிருந்தே மொண்டு மேலுக்கு ஊற்றிக்கொள்கிற வழக்கம். பெரிய பேசினில் நிறைய தண்ணீர் ஏறும், கை வலிக்கும், தொட்டியும் சீக்கிரம் வற்றும். கிழக்கில் குழாயில்தான் பிடிப்பார்கள். அங்கே பெரிதே வசதி. ஒரே நாடு, ஒரே மருந்து, ஒரே மஞ்சள். மொள்ளும் பழக்கம் மாறியதால் எடையில் நூறு கிராம் வித்தியாசம். இதை எந்தப் பயண வழிகாட்டிப் புத்தகமும் முதல் பக்கத்தில் போடாது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு சென்டோவுக்குள் போகிற ஆள், பேசினை ஒரு தரம் கையில் தூக்கிப் பார்க்காமல் விடுவாரா?

விட்டால் பேச்சு டொயாமாவுக்கும் போகும். போகட்டும். கெரோரின் டொயாமாக்காரர்களின் சரக்கு. முந்நூறு ஆண்டுகளாக அந்த ஊர் மருந்து வியாபாரிகள் மூட்டை சுமந்து நாடு முழுக்கச் சுற்றினார்கள். வீட்டில் ஒரு மருந்துப் பெட்டியை வைத்துவிட்டுக் காசு வாங்காமல் போய்விடுவார்கள். மறுபடி வரும்போது பெட்டியைத் திறந்து, எடுத்ததற்கு மட்டும் பணம். குறைந்ததை நிரப்பிவிட்டுக் கிளம்புவார்கள். பிள்ளைகளுக்குக் காகிதப் பலூன் உண்டு. எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன மருந்து செலவானது என்று பேரேட்டில் எழுதிக்கொள்வார்கள். தொழிலை விடுகிறவர் அந்தப் பேரேட்டை விலைபேசி விற்கலாம். அவர் சொத்தே அதுதான். சிறு விடுதி நடத்துகிற யாரும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, தங்கள் வரவேற்பு மேசைப் பதிவேட்டில் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் தவிர வேறென்ன இருக்கிறது என்று புரட்டிப் பார்க்கலாம்.

மறுபடி யனாகா. ஐந்து அறைக்குத் தனித்தனிக் குளியல்தொட்டி, கொதிகலன், குழாய்வேலை என்று இறங்கியிருந்தால் பழைய மரக்கட்டடத்தின் முதலும் போயிருக்கும், அழகும் போயிருக்கும். தெருமுனையில் ஏற்கெனவே தொட்டி இருக்கிறது, தண்ணீர் தினமும் கொதிக்கிறது, ஆள்தான் குறைவு. சென்டோவுக்கு ஆள் கிடைக்கிறது, விடுதிக்குச் செலவு மிச்சம், வந்தவருக்கு ஊர்க்காரர்களோடு ஒரே தண்ணீரில் ஊறிய அனுபவம்.

இதில் விடுதியின் வேலை என்ன? மேசையில் அந்த ஐந்து நிமிடப் பேச்சு. முதலில் அலசு, அப்புறம் இறங்கு, துண்டைத் தண்ணீரில் போடாதே, தலைமுடியை முடிந்துகொள், உடம்பைத் துடைத்துவிட்டு உடைமாற்றும் இடத்துக்கு வா, முடிந்தால் கண்ணாடிப் புட்டியில் குளிர்ந்த பால் குடி. இது இல்லாமல் ஒருவரை அனுப்பினால் சோப்பு நுரையோடு தொட்டிக்குள் குதிப்பார், கிழவர்கள் முறைப்பார்கள், அவர் மறுநாள் அறையைக் காலி செய்துவிட்டு நட்சத்திர ஓட்டலுக்குப் போய்விடுவார். வெட்கப்படாத அளவுக்குச் சொல்லிக் கொடுத்து ஊரிடம் ஒப்படைக்கிற வேலை அது. பல விடுதிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. ஊரை உள்ளே கூட்டி வருகிறார்கள். மாலை ஆறு மணிக்கு முற்றத்தில் கிராமிய நடனம், பத்து நிமிடம் பானை வனைதல், நெற்றியில் பொட்டு, கழுத்தில் மாலை, ஒரு போட்டோ. ஆடுகிறவருக்கு அது அன்றைய மூன்றாவது ஆட்டமாக இருக்கும். பார்க்கிறவருக்கும் அது தெரிந்துவிடுகிறது.

சென்டோச் சுவரின் ஃபூஜி மலையையும் விடக் கூடாது. 1912-இல் கான்டா பகுதியில் இருந்த கிகாய்-யு என்ற சென்டோவில்தான் முதலில் வரைந்தார்கள் என்கிறார்கள். குழந்தைகள் விருப்பத்தோடு தொட்டியில் இறங்கட்டும் என்று கடைக்காரர் கேட்க, ஓவியர் ஃபூஜி தெரியும் ஷிசுவோகாக்காரர் என்பதால் ஃபூஜியே வந்ததாம். அந்தப் படத்துக்குக் கடைக்காரர் கையிலிருந்து பணம் போகாத காலமும் இருந்தது. படத்துக்குக் கீழே தையற்கடை, வைத்தியர், அரிசிக் கடை என்று அக்கம்பக்கத்து விளம்பரங்கள். அந்த வருமானத்தில் விளம்பர நிறுவனம் ஓவியரை அனுப்பிப் படத்தைப் புதுப்பிக்கும். கடை விடுமுறை நாளன்று சாரம் கட்டி ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். மறையும் சூரியனை வரைய மாட்டார்கள், வியாபாரம் சாய்ந்துவிடுமாம். இன்று அந்த வேலை தெரிந்தவர்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிடுவார்கள்.

ஹனாரேயைப் புதுமை என்று கொண்டாடுகிறவர்கள், அதே யனாகாவில் இருக்கும் சவனோயா என்ற பன்னிரண்டு அறை விடுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1949-இல் தொடங்கியது. வங்கி வேலையை விட்டுவிட்டு, மனைவி வீட்டாரின் அந்த விடுதியை நடத்த வந்தவர் சவா இசாவோ. புதிய பிசினஸ் ஓட்டல்கள் முளைக்க முளைக்க இங்கே கூட்டம் வற்றியது. மூன்று நாள் தொடர்ந்து ஒரு ஆள்கூட வரவில்லை. 1982-இல் வேறு வழியில்லாமல் வெளிநாட்டவருக்குக் கதவைத் திறந்தார். ஆங்கிலம் அரைகுறை. விருந்தினர்களுக்காக வீட்டுப் பிள்ளையே சிங்கமுகம் மாட்டிக்கொண்டு ஆடுகிறார். மேலே திட்டித் தீர்த்த முற்றத்து நடனத்தில் இதுவும் சேராதா என்று வாசகர் கேட்கலாம். சேராது என்றே தோன்றுகிறது; காலையில் சாவியை வாங்கி வைத்தவர்தான் மாலையில் சிங்கமாக வருகிறார், விருந்தினர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

பச்சை குத்தியவர்களுக்கு ஒரு செய்தி. வெந்நீர் ஊற்று விடுதிகள் பலவற்றில் உள்ளே விட மாட்டார்கள். தெருச் சென்டோக்களில் பெரும்பாலும் தடையில்லை. மேசையில் இருப்பவர் இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வாசலில் போய்த் திரும்பினால் சங்கடம்.

சாப்பாட்டுக்கு இடமில்லாமல் போய்விட்டது. சவனோயா இரவுச் சமையலை நிறுத்தியதும் அது தெருவின் எந்தெந்தக் கடைகளுக்குப் போனதும், அதற்கு நேர்மாறாகச் சமையற்கட்டையே விருந்தினருக்குத் திறந்துவிட்ட காரைக்குடியின் 'தி பங்களா'வும் அடுத்த வாரம். பேசின் மறுபடி குறுக்கே வராது.

(தொடரும்)