ஒரே கிருமி, ஒரே குடும்பம், இரு வேறு பாதைகள்

சென்ற ஆண்டு என் புறநோயாளிப் பிரிவுக்கு ஓர் அக்காவும் தம்பியும் தங்கள் தாயாருடன் வந்தனர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே இதை எழுதுகிறேன். அக்காவுக்கு 47 வயது; தம்பிக்கு 43. இருவரது இரத்தத்திலும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்தது.

அக்காவுக்கு இது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, இரத்ததான முகாம் ஒன்றின் வழியே தெரியவந்தது. அன்றுமுதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் பரிசோதனைக்கு வருகிறார். அவரது கல்லீரல் நலமாக இருக்கிறது. தம்பியையும் பரிசோதித்துக்கொள்ளுமாறு அவர் பலமுறை வற்புறுத்தியிருக்கிறார். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பதே தம்பியின் பதில். வலது விலாவுக்குக் கீழே வலி என்று அவர் முதன்முறையாக வந்தபோது, ஸ்கேனில் பெரிய கட்டி தெரிந்தது. அவருக்கு மதுப்பழக்கமும் இல்லை.

"ஒரே வயித்துல பொறந்தோம், ஒரே கிருமி. எனக்கு ஒண்ணும் ஆகல; அவனுக்கு மட்டும் ஏன் டாக்டர்?" என்று அக்கா கேட்டார். இக்கேள்விக்கான விடை பல குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கிருமி நுழைந்த வயது

ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் நிலைத்துத் தங்குமா, வெளியேறுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அது நுழைந்த வயதுதான். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால், பத்தில் ஒன்பது பேருக்கு அது நாட்பட்ட தொற்றாகிறது. வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால், நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களிடமே அது தங்குகிறது.

இதற்குக் காரணம் நமது நோய் எதிர்ப்பு மண்டலம். வளர்ந்தவரின் உடல் கிருமியைப் பகையென்று கண்டு, அது புகுந்த கல்லீரல் செல்களைத் தாக்குகிறது. அப்போது கண்கள் மஞ்சளாகின்றன, பசி அற்றுப்போகிறது. ஆனால் பெரும்பாலோருக்குக் கிருமி அகன்றுவிடுகிறது. பச்சிளங்குழந்தையின் உடலோ கிருமியை எதிர்ப்பதே இல்லை. ஆகவே காமாலையும் இல்லை, காய்ச்சலும் இல்லை, கிருமியும் போவதில்லை. "எங்கள் வீட்டில் யாருக்கும் மஞ்சள் காமாலை வந்ததில்லை" என்பது பலர் சொல்லும் ஆறுதல். பிறப்பிலேயே தொற்று பெற்றவர்களைப் பொறுத்தவரை அதில் பொருளில்லை.

அவ்வாறு தங்கிய கிருமி இருபது, முப்பது ஆண்டுகள் அமைதியாக இருக்கும். பின்னர் உடல் விழித்துக்கொண்டு போரிடத் தொடங்கும்போது கல்லீரல் அழற்சி அடைகிறது, தழும்பு சேர்கிறது. எனவேதான் பிறப்பில் பெற்ற தொற்றின் விளைவு நாற்பது வயதை ஒட்டி வெளிப்படுகிறது. கல்லீரல் சுருக்கம் ஏற்படாமலேயே புற்றுநோய் தோன்றுவதும் இக்கிருமியின் இயல்பு.

ஆணுக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

உலகெங்கும் கல்லீரல் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. மது, புகை ஆகியவை ஆண்களிடம் மிகுதி என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் அன்று. தைவான் நாட்டில், 1984-இல் குழந்தைகளுக்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசித் திட்டம் தொடங்கும் முன்பு, கல்லீரல் புற்றுநோய் கண்ட சிறுவர்கள் சிறுமியரைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் இருந்தனர். மதுவையும் புகையையும் அறியாத வயது அது. தடுப்பூசிக்குப் பின் இந்த நோயே குறைந்தது. ஆண், பெண் இடைவெளியும் பாதிக்குமேல் சுருங்கியது.

இக்கிருமியின் மரபணுவில் ஆண் ஹார்மோனுக்கு இசைந்து செயல்படும் ஒரு பகுதி உண்டு. ஆண் ஹார்மோன் கிருமியின் பெருக்கத்தைத் தூண்டுகிறது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அதை அடக்குகிறது. கல்லீரலில் தழும்பு சேர்வதையும் ஈஸ்ட்ரோஜன் தாமதப்படுத்துகிறது.

ஹெபடைடிஸ் சி கிருமியிலும் இதே போக்கைக் காண்கிறோம். 1997-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று, சிகிச்சை பெறாதவர்களுக்குக் கல்லீரல் சுருக்கம் வர எத்தனை ஆண்டுகளாகும் என்று கணக்கிட்டது. நாற்பது வயதுக்குமுன் தொற்று பெற்ற, மது அருந்தாத பெண்களுக்கு 42 ஆண்டுகள். நாற்பதுக்குப்பின் தொற்று பெற்று, மிகுதியாக மது அருந்தும் ஆண்களுக்கு 13 ஆண்டுகள். ஆனால் மாதவிடாய் நின்றபின் பெண்ணுக்கிருந்த பாதுகாப்பு தேய்கிறது. "இத்தனை நாளும் ஒன்றுமில்லை" என்று ஐம்பது வயதுப் பெண்மணி பரிசோதனையை நிறுத்திவிடுவது தவறு.

தாயாரின் கேள்வி

இவற்றையெல்லாம் விளக்கி முடித்தபோது, அதுவரை பேசாதிருந்த தாயார், "அப்ப என் வயித்துல இருந்துதான் வந்துச்சா டாக்டர்? நான்தான் குடுத்தேனா?" என்று கேட்டார்.

நான் சொன்னது இதுதான்: "அம்மா, இது உங்களுக்கும் யாரிடமிருந்தோ தெரியாமல் வந்தது. உங்கள் மகன் பிறந்த காலத்தில் இதற்கான தடுப்பூசி உலகிலேயே அப்போதுதான் வெளிவந்திருந்தது. நம் ஊர்ப் பிரசவ அறைகளுக்கு அது வந்துசேரப் பல்லாண்டுகள் ஆயின. இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை."

இன்று நிலைமை வேறு. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் இப்பரிசோதனை செய்ய வேண்டும். தொற்றுள்ள தாயின் குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், இயன்றவரை 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். வைரஸ் அளவு மிக அதிகமுள்ள தாய்க்குக் கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் டெனோஃபோவிர் மாத்திரை தரப்படும். குழந்தைக்கு ஊசிகள் போட்டபின் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம். குழந்தையின் மற்றத் தவணைகளும் தவறக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

வீட்டில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் தாய், உடன்பிறந்தோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் அனைவரும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். ஒன்றாக உண்பதாலோ தொட்டுப் பழகுவதாலோ இது பரவாது. எவரையும் விலக்கிவைக்க வேண்டாம். சவரக் கத்தியையும் பல் தூரிகையையும் மட்டும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

தொற்றுள்ள ஆண்கள் 40 வயதிலிருந்தும், பெண்கள் 50 வயதிலிருந்தும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கான பரிந்துரை. கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களும், குடும்பத்தில் எவருக்கேனும் கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களும் அந்த வயதுவரை காத்திருக்கக் கூடாது. வலி தோன்றும்வரை எவருமே காத்திருக்க வேண்டாம். கட்டி சிறிதாக இருக்கையில் வலிப்பதில்லை.

மாத்திரை தேவைப்படுவோருக்கு அது கிருமியை அடக்கி, புற்றுநோய் அபாயத்தையும் குறைக்கிறது. நலமாக இருக்கிறதென்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள். அடங்கிய கிருமி சீறி எழக்கூடும். ஹெபடைடிஸ் சி தொற்றைப் பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரையிலேயே முற்றிலும் குணப்படுத்தலாம். இரண்டுக்குமான சிகிச்சை, 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

அந்தத் தம்பியின் கட்டி அறுவை சிகிச்சைக்கு இடம் தராத அளவுக்கு வளர்ந்திருந்தது. வேறு சிகிச்சைகள் நடைபெறுகின்றன. அக்காவுக்கு இப்போதே ஸ்கேன் தொடங்கிவிட்டோம். அடுத்த வாரம் தாயார் மீண்டும் வந்தார். இம்முறை 39 வயதான தம் இளைய மகனைக் கையோடு அழைத்து வந்திருந்தார். அவருக்கும் தொற்று இருந்தது. ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. ஆறு மாதம் கழித்து வரவேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதைத் தாயார் வாங்கி, மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டார்.