ஞானப்பல்லை எடுத்தால் கண் பார்வை போகுமா? 3-வது நாள்தான் உஷார்!

திருப்பூர்,

தலைவலியும் பல்வலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அதிலும் கடைசி கடைவாய்ப்பல் வலி இருக்கிறதே, அது ஆளை உட்காரவும் விடாது, படுக்கவும் விடாது. காது, தலை, தொண்டை எல்லாம் சேர்ந்து வலிக்கும். காது வலி என்று நினைத்து காதில் எண்ணெய் ஊற்றிக்கொள்பவர்களும் உண்டு.

பனியன் கம்பெனி, விசைத்தறி என்று ஷிப்டு வேலை பார்ப்பவர்கள் இதற்கு லீவு போட யோசிக்கிறார்கள். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே! மெடிக்கல் ஷாப்பில் "பல்லு வலி, ஒரு மாத்திரை குடுங்க" என்று வாங்கி, வெறும் வயிற்றில் டீயோடு போட்டுக்கொள்கிறார்கள். வலி அடங்கும். 10 நாள் கழித்து மறுபடி வரும். மறுபடி மாத்திரை. இப்படி மாதக்கணக்கில் ஓட்டினால் வயிற்றில் புண் வரும், கிட்னிக்கும் ஆபத்து. பல்லில் உள்ள கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

ஏன் வலிக்கிறது?

பெரியவர்களுக்கு மொத்தம் 32 பல். அதில் கடைசியாக முளைக்கும் 4 பற்கள்தான் ஞானப்பல். பொதுவாக 17 வயதில் இருந்து 25 வயதுக்குள், விவரம் தெரியும் வயதில் வருவதால் இந்தப் பெயர். இதற்குள் மற்ற 28 பற்களும் தாடையில் இடம் பிடித்துவிடுகின்றன. கடைசியில் வருபவருக்கு சீட் இல்லை! எனவே அது சாய்ந்தோ, படுத்தோ, பாதி ஈறுக்குள் புதைந்தோ நிற்கிறது. கீழ்த்தாடையில் இந்தத் தொல்லை அதிகம்.

பாதி மூடிய ஈறுக்கு அடியில் சோறும் சட்னியும் போய் சிக்கும். அங்கே பிரஷ் எட்டாது. சீழ் பிடித்து வீங்கும். பக்கத்துப் பல்லும் சொத்தையாகும். நேராக முளைத்து, தொல்லை தராத ஞானப்பல்லை எடுக்க வேண்டியதில்லை.

"மேல் பல்லைப் புடுங்குனா கண்ணு போயிடும்" என்ற பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. இது தவறு. மேல் பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல் எடுப்பதால் கண் போகாது. ஆனால் இப்படிப் பயந்து தள்ளிப்போட்டால், கீழ்ப்பல்லில் பிடித்த சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சையே அடைக்கும். உயிருக்கே ஆபத்து. தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் காத்திருக்கக்கூடாது. 108-க்கு போன் செய்துவிட வேண்டும்.

பல் எடுக்கும்போது...

முதலில் எக்ஸ்ரே எடுத்து பல் எப்படிப் படுத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். சர்க்கரை, பி.பி., ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்தக்கூடாது. மரத்துப்போக ஊசி போட்டபிறகு அழுத்துவது தெரியும், இழுப்பது தெரியும், வலி தெரியாது. புதைந்த பல் என்றால் ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் கடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போடுவார்கள்.

மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் பல் பிரிவு உண்டு. காலையில் ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம். அரசு பல் மருத்துவக் கல்லூரி என்றால் சென்னை மட்டும் அல்ல, 2023-ல் புதுக்கோட்டையிலும் திறக்கப்பட்டது.

ரத்தக்கட்டிதான் மருந்து

பல் போன குழியில் ரத்தம் உறைந்து மூடி போல நிற்கும். அடியில் உள்ள எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் பாதுகாப்பு. அதைக் காப்பாற்றுவதில்தான் எல்லாமே இருக்கிறது.

வாயில் வைத்த பஞ்சை டாக்டர் சொன்ன நேரம் வரை கடித்திருக்க வேண்டும். எச்சிலைத் துப்பாமல் விழுங்கிவிட வேண்டும். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது. இளநீர் குடிக்கலாம், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக்கூடாது. டம்ளரில் ஊற்றிக் குடிக்க வேண்டும். ஆறிய கஞ்சி, மோர், குழைந்த தயிர்சாதம் போதும். மரமரப்பு போகும் முன் சாப்பிட்டால் கன்னத்தையே கடித்துக்கொள்வோம். முதல் நாள் கன்னத்தின் வெளியே துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம்.

பீடி, சிகரெட், பான்மசாலா கூடவே கூடாது. வேலை இடைவேளையில் "ஒரே ஒரு இழுப்பு" என்று போனால் ரத்தக்கட்டி பெயர்ந்து எலும்பு வெளியே தெரியும்.

வீக்கம் 2, 3 நாள் வரை ஏறி, பிறகு இறங்கும். வாய் முழுதாகத் திறக்காது. இதெல்லாம் சகஜம். ஆனால் குறைந்துவந்த வலி 3-வது நாள் வாக்கில் திடீரென்று கூடி, காது வரை இழுத்து, வாய் நாறினால் குழி காய்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் திரும்பப் போக வேண்டும். குழியைக் கழுவி மருந்து வைப்பார். அந்த மருந்தில் பெரும்பாலும் இருப்பது நம் பாட்டி வைத்த அதே கிராம்புத் தைலச் சரக்குதான்!

உதடு மரத்துப்போனது மறுநாளும் சரியாகாவிட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நரம்பில் அழுத்தம் பட்டிருக்கலாம். பலருக்கும் சில வாரம் அல்லது மாதங்களில் சரியாகிவிடும்.

மறுநாள் முதல் சாப்பிட்டதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் மெல்லச் சுழற்றி, தானாக வழிய விட வேண்டும். சுமார் ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். குழி மூடும் வரை சோற்றுப் பருக்கை அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை ஊக்காலோ தீக்குச்சியாலோ குத்தி எடுக்கக்கூடாது. உப்புத் தண்ணீரிலேயே வந்துவிடும்.