குளிர்பதனப் பெட்டிக்குள் ஒரு குளிர்காலம்

இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ஆமை வளர்ப்பவர்கள் பலர், குளிர்காலம் நெருங்கியதும் அதைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து வெளியே எடுத்தால், ஆமை மெல்லக் கண் விழித்து, நீர் குடித்து, இலை மேயத் தொடங்குகிறது. கேட்கக் கொடுமையாக இருக்கும் இந்த வழக்கத்தைக் கால்நடை மருத்துவர்களே சொல்லித் தருகிறார்கள்.

நம்மைப் போல உணவை எரித்து உடல் சூட்டைக் காத்துக்கொள்ளும் திறன் ஆமைக்கு இல்லை. சுற்றுப்புறம் 5 டிகிரி செல்சியஸ் என்றால் அதன் உடலும் ஏறத்தாழ 5 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தக் குளிரில் இதயம் நிமிடத்துக்குச் சில முறைதான் துடிக்கும், மூச்சு அரிதாகும், சேர்த்து வைத்த கொழுப்பு மாதக்கணக்கில் தாங்கும். மத்தியதரைக் கடலோரத்து ஹெர்மன் ஆமையும் நடு ஆசியாவின் ஹார்ஸ்ஃபீல்டு ஆமையும் பனிக்காலத்தை இப்படித்தான் மண்ணுக்குள் கழிக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் கில்பர்ட் ஒயிட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், தம் தோட்டத்து ஆமை திமோத்தி மண்ணில் புதைவதையும் வசந்தத்தில் எழுவதையும் கவனித்து எழுதிவைத்தார். அதன் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தோட்டத்து மண்ணை முழுதாக நம்ப முடியாது. நடுவில் நாலு நாள் வெயில் அடித்து வெப்பம் 10 டிகிரியைத் தாண்டினால் ஆமை அரைத்தூக்கத்தில் கொழுப்பைக் கரைக்கும். உறைபனி இறங்கினால் கண் பார்வையே போகலாம். குளிர்பதனப் பெட்டியோ 5 டிகிரியை ஒட்டியே நிற்கும்.

ஆனால் அதற்கும் முறை உண்டு. நோயுற்ற ஆமையை உறங்க வைக்கக் கூடாது. சில வாரம் முன்பே உணவை நிறுத்தி, இளஞ்சூட்டு நீரில் அடிக்கடி அமர்த்த வேண்டும். குளிரில் செரிமானம் நின்றுபோவதால், குடலில் மிஞ்சிய உணவு அங்கேயே அழுகும். மூச்சுக்காற்று மாற வாரத்தில் சில முறை கதவைத் திறக்க வேண்டும். உள்ளே தனி வெப்பமானி இருக்க வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, சிறுநீர் கழித்துவிட்டாலோ உடனே எழுப்ப வேண்டும். சிறுநீர்ப்பைதான் அதன் தண்ணீர்த் தொட்டி.

இனி மலேசியாவின் ஜொகூருக்கு வருவோம். அங்குள்ள சிம்பாங் ரெங்கம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் இருக்கிறது. டிசம்பர் மழையிலும் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. மலேசியக் காடுகளில் வாழும் பழுப்பு நில ஆமை ஆசியாக் கண்டத்து நில ஆமைகளிலேயே மிகப் பெரியது. தாய் ஆமை சருகுகளைக் குவித்து முட்டையிட்டு, சில நாள் காவலும் இருக்கும். இந்த மண்ணில் அதற்கு உறைபனிக்காலத் தூக்கம் தேவைப்பட்டதே இல்லை.

தமிழகத்திலும் இலங்கையிலும் வாழும் நட்சத்திர ஆமையும் அப்படியே. கடும் வறட்சியில் புதரடியில் அசையாமல் கிடக்கும்; மழை விழுந்ததும் மேயக் கிளம்பும். அது வெயிலுக்கு ஒதுங்கும் ஓய்வு. இந்த ஆமையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சளி பிடித்து நுரையீரல் அழற்சியில் சாகக்கூடும். போதாக்குறைக்கு, செல்லப் பிராணிச் சந்தைக்காக மிக அதிகமாகக் கடத்தப்படும் ஆமைகளில் இதுவும் ஒன்று. 2019இல் வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை இதை முதலாம் பட்டியலில் சேர்த்து, காட்டில் பிடித்தவற்றை நாடு விட்டு நாடு விற்பதைத் தடை செய்தது.

ஆகவே ஆமை வாங்க நினைப்பவர்கள், அது எந்த நாட்டு இனம் என்பதை முதலில் கேளுங்கள். உரிமம் பற்றி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் விசாரியுங்கள். வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்து நம் ஊர் ஆமையைக் குளிரில் வைக்காதீர்கள். வீட்டு ஆமை திடீரென்று உண்ணாமல் ஒடுங்கிக் கிடந்தால் அது நோயின் அறிகுறி. அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.