அப்பர் பெருமானின் முதல் பதிகமும் மன ஆறுதலும்

நான்காம் திருமுறையின் முதல் பதிகத்தை 'வயிற்று வலி தீரப் பாடும் பதிகம்' என்றே நம்மில் பலர் அறிவோம். பதிகப் பலன் போட்டு வரும் சிறு புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கும். அதில் தவறில்லை. ஆனால் அது மனம் உடைந்து திரும்பி வந்த ஒருவரின் பாட்டும்கூட. உடைந்து நிற்கிறவன் கடவுளிடம் எப்படிப் பேசலாம் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் பாட்டு அரிது.

ஏழாம் நூற்றாண்டு. திருவாமூரில் புகழனார், மாதினியார் தம்பதியரின் மக்கள் திலகவதியாரும் மருள்நீக்கியாரும். பெற்றோர் மறைந்தார்கள். திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையாரும் போரில் இறந்துவிட்டார். அக்கா உயிரை விடத் துணிந்தபோது, "நீங்கள் போனால் உங்களுக்கு முன்னால் நான் போவேன்" என்று தம்பி காலில் விழுந்தார். அந்தத் தம்பிக்காகவே அவர் உயிர் தாங்கினார். பிறகு அந்தத் தம்பியே அவரை விட்டுச் சமணத்தில் சேர்ந்து, பாடலிபுரத்தில் (இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர்) தருமசேனர் என்ற பெரிய ஆசிரியரானார். அக்கா தனியாகத் திருவதிகைக்கு வந்து, கெடில நதிக்கரைக் கோயிலில் பெருக்கி மெழுகி வாழ்ந்தார்.

தருமசேனருக்குச் சூலை நோய் வந்தது. எந்த வைத்தியமும் பலிக்காமல் அக்காவுக்கு ஆள் அனுப்பினார். "நான் அங்கே வரமாட்டேன்" என்று பதில் வந்தது. இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாசம் இருந்தது, ஆனால் அது ஓடிப்போய்த் தாங்கவில்லை. தம்பிதான் இரவோடு இரவாக நடந்து வந்து காலில் விழுந்தார். குழியில் விழுந்து துன்பப்பட்டதை அக்கா ஒரு சொல்லில் சொல்லி, அதே மூச்சில் "எழுந்திருங்கள்" என்கிறார். நீறு கொடுத்து, விடியுமுன் துடைப்பத்தையும் சாணித் தோண்டியையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு அழைத்துப் போகிறார். "இத்தனை வருஷம் எங்கே போயிருந்தாய்?" என்று கேட்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஜைனர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், நண்பர்கள். இந்தக் கதையை விரிவாகச் சொன்ன சேக்கிழார் ஐந்து நூற்றாண்டு கழித்து, சைவர் நோக்கில் எழுதியவர். சீவக சிந்தாமணியும் நன்னூலும் தந்த சமயத்தைக் குறை சொல்ல நான் இதை எடுக்கவில்லை. எனக்கு வேண்டியது திரும்பி வந்தவரின் மனம்.

அந்த மனம் பதிகத்தில் அப்படியே இருக்கிறது. தவறு செய்தவர் பாட்டு என்றால் தலைகுனிந்த மன்னிப்புதான் இருக்கும் என்று நினைப்போம். இவரோ சண்டை பிடிக்கிறார். நான் என்ன கொடுமை செய்தேன், எனக்கே தெரியவில்லை என்று தொடங்குகிறார். குடலோடு சேர்த்து முறுக்குகிற வலி தாங்கவில்லை என்கிறார். அதைவிட, 'பயப்படாதே' என்று ஒரு வார்த்தைகூட நீர் சொல்லவில்லையே என்று கேட்கிறார். ஆறுதல் வேண்டும் என்பதை மரியாதைக்காக மறைக்கவே இல்லை. இன்னொரு பாட்டில், கரையில் நின்றவர்கள் ஆழமான குளத்தில் தள்ளிவிட்டார்கள், காலூன்ற ஒரு துறை தெரியவில்லை என்கிறார். கடைசிப் பாட்டில், ராவணனை மலைக்கடியில் நசுக்கினீர், பிறகு அவனுக்கும் அருள் செய்தீர், அதை நினைத்துப் பாரும் என்று முடிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைத் தேவார வகுப்பில் ஒரு பெண் குழந்தை என்னிடம் கேட்டாள்: "அங்கிள், நீரும் பூவும் தூபமும் மறந்ததே இல்லைங்கறார், தமிழ்ப் பாட்டையும் மறந்ததே இல்லைங்கறார். அவர்தான் எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிட்டாரே?" நல்ல கேள்வி. சிறு வயதைச் சொல்கிறார் எனலாம். இனி மறக்கமாட்டேன் என்ற உறுதி எனலாம். எனக்குப் படுவது வேறு. விட்டுப் போனவருக்கும் அடிமனத்தில் அம்மா சொல்லிக்கொடுத்தது கிடக்கிறது. வலி வந்து மேல்மண்ணைத் தோண்டும்போது, இது எப்போதும் இங்கேதானே இருந்தது என்று அவருக்கே தெரிகிறது. வருந்தித் திரும்புகிறவர் புது ஆளாக வருவதில்லை. பழைய வீட்டுக்குத்தான் வருகிறார்.

பைபிளின் 51-ஆம் சங்கீதத்தைத் தாவீது அரசர் பத்சேபாள் விஷயத்தில் குற்றம் உணர்ந்தபோது பாடியதாகச் சொல்வார்கள். அவர் குற்றத்தை நேராக ஒப்புக்கொள்கிறார், உடைந்த உள்ளத்தையே காணிக்கையாக வைக்கிறார். அப்பர் வலியைக் காணிக்கையாக வைக்கிறார். பேச்சு வேறு, இருவருமே வெறுங்கையோடு நிற்கிறவர்கள்.

நோய் நீங்கியது, நாவுக்கரசு என்ற பெயரும் கிடைத்தது. ஆனால் வாழ்க்கை எளிதாகிவிடவில்லை. நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியது என்று சோதனைகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. பழைய நாட்களை நினைத்து அவர் வருந்துவதும் நிற்கவில்லை. பிற்காலப் பாடல்களிலும் அந்த வருத்தம் திரும்பத் திரும்ப வருகிறது. மாறியது ஒன்று: அந்த வருத்தத்துக்குக் கையில் வேலை கிடைத்துவிட்டது. ஊர் ஊராகப் போய்க் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். எந்தக் கோயிலிலும் அவர் சிலையின் தோளில் சாய்ந்திருக்கும் உழவாரப்படை அதுதான். அக்கா அன்று விடியற்காலையில் எடுத்துப்போன துடைப்பத்தின் உறவுமுறை அது.

பண்ருட்டிக்கு அருகில்தான் திருவதிகை. லீவில் ஊருக்குப் போகும்போது பார்க்கலாம். பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்தது, ஓதுவார்கள் நவரோஸ் ராகத்தில் பாடுவார்கள். குழந்தைகளுக்குச் சீக்கிரம் வந்துவிடும்.