செல்போனைப் பிடுங்கிவிட்டு என்ன கொடுக்கப் போகிறோம்?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியாயிற்று. இனி ஜூனில்தான் மணி அடிக்கும். வெயில் கடுமையாக இருந்தால் அதுவும் தள்ளிப்போகும். 2023-இல் ஜூன் 12, 2024-இல் ஜூன் 10 என்று தள்ளித்தான் திறந்தார்கள். இத்தனை நாளும் பிள்ளைகளைச் செல்போனிலிருந்து மீட்பது எப்படி என்று தொலைக்காட்சியிலும் வார இதழ்களிலும் ஆலோசனைகள் வரத் தொடங்கிவிட்டன. நீச்சல் வகுப்பில் சேருங்கள், கீபோர்டு கற்றுக்கொடுங்கள், மலைவாசத்தலத்துக்கு அழைத்துப் போங்கள் என்கிறார்கள். பெண்ணாடம் பக்கத்துக் காலனியில் இருக்கும் ஒரு தாய்க்கு அதெல்லாம் வேறு ஏதோ நாட்டுச் செய்தி.

அந்தத் தாய் காலையிலேயே நூறு நாள் வேலைக்கோ, களையெடுக்கவோ, முந்திரி பொறுக்கவோ போகிறவர். வீடு என்பது ஓர் அறை உள்ள தொகுப்பு வீடு. சித்திரை வெயிலில் அதன் கூரை அடுப்பாகக் காயும். ('காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகட்டும், நல்லது. அறை இன்னும் ஒன்றுதான்.) பிள்ளையை வெளியே விட்டால் குளம் குட்டைக்குப் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. அது வீண் பயமல்ல. 2022 ஜூன் 5 அன்று நம் கடலூர் மாவட்டத்தில், கெடிலம் ஆற்றில் குளிக்கப் போன சிறுமிகள் உட்பட 7 பேர் மூழ்கி இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. போனைக் கொடுத்தால் பிள்ளை வீட்டிலாவது கிடக்கும் என்று அவர் நினைப்பதில் என்ன தப்பு? அவருக்கு அதுதான் ஆயா, அதுதான் பால்வாடி.

ஆகவே செல்போனைக் குறை என்று தாயிடம் மட்டும் சொல்வது சுலபம், பயனில்லாதது. குறைத்த நேரத்தில் பிள்ளை எங்கே போய் உட்காரும் என்பதற்கு ஊரும் தெருவும் பதில் சொல்ல வேண்டும்.

போனால் கேடு இல்லை என்று நான் சொல்லவில்லை. 2 முதல் 4 வயது வரையிலான குழந்தைக்குத் திரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. நம் வீடுகளில் சோறு ஊட்டி முடிப்பதற்குள்ளேயே அந்த ஒரு மணி தீர்ந்துவிடுகிறது. பெரிய பிள்ளைகள் கதை வேறு. நாடு முழுவதும் கிராமங்களில் எடுத்த 2024-ஆம் ஆண்டின் 'அசர்' ஆய்வு, 14 முதல் 16 வயதுள்ளவர்களில் போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களிடம், முந்தைய ஒரு வாரத்தில் அதை எதற்குப் பயன்படுத்தினாய் என்று கேட்டது. படிப்புக்கு என்றவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்கு என்றவர்கள் 76 சதவீதம். அந்த ஊடகத்தில் என்ன ஓடுகிறது என்பதும் நமக்குத் தெரியும். அரிவாளும் கொடியும் சாதிப் பாட்டுமாக ஓடும் ரீல்ஸைக் கோடை முழுக்கப் பார்த்த இரு தெருப் பையன்களும் ஜூனில் ஒரே பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் வண்ணக் கயிற்றைத் தடுக்கச் சொன்னது. போனுக்குள் இருக்கும் கயிற்றை யார் அவிழ்ப்பது?

விடுமுறையில் பிள்ளைகள் கற்றது மறந்துபோகிறது என்பதை அமெரிக்காவில் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். வாசிப்பில் அதிகம் பின்தங்குவது ஏழை வீட்டுப் பிள்ளைகள் என்றே பல ஆய்வுகள் காட்டின. பள்ளி நடக்கும் மாதங்களில் இரு வகைப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வளர்கிறார்கள். கதவு பூட்டியதும் ஒரு வீட்டில் புத்தகம் இருக்கிறது, இன்னொரு வீட்டில் இல்லை. ஃபுளோரிடாவில் ரிச்சர்ட் ஆலிங்டன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் ஒரு எளிய வேலை செய்தார்கள். ஏழைப் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்த 12 புத்தகங்களைக் கோடைக்கு முன் கையில் கொடுத்தார்கள். மூன்று கோடை இப்படிக் கொடுத்ததில் பிள்ளைகளின் வாசிப்பு மேம்பட்டது. வகுப்பு எடுக்கவில்லை, தேர்வு வைக்கவில்லை.

நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பது பாடம் மட்டுமில்லை. பூட்டு விழும் அன்றே சத்துணவும் காலை உணவும் நின்றுவிடுகின்றன. விடுதிகளும் மூடப்பட்டு, அங்கே தங்கிப் படித்த பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் ஆணையிட்டது. அது இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

இன்னொரு கதவும் இந்த மாதங்களில்தான் திறக்கிறது. குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டத்தை 2016-இல் திருத்தியபோது, 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று சேர்த்தார்கள். யாருடைய குடும்பத் தொழில்? டாக்டர் வீட்டுப் பிள்ளை கோடையில் ஊசி போடப் போவதில்லை. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் கோடை என்றால் முந்திரி. கொட்டை உடைக்கும் இடத்தில் அதன் எண்ணெய் பட்டுத் தோல் வெந்து கறுத்த விரல்களைப் பார்த்தவர்களுக்கு 'உதவி' என்ற சொல்லின் பொருள் தெரியும். மே மாதத்தில் கூலி கண்ட பையன் ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்குத் திரும்ப யோசிக்கிறான்.

இடமில்லாத வீட்டுப் பிள்ளை எங்கே படிப்பது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. பம்பாய் பரேலில் ஒற்றை அறை வீட்டில் வளர்ந்த பீமாராவ், மாலையில் சர்னி ரோடு பூங்காவில் உட்கார்ந்துதான் வாசித்தார். அங்கே அவரைக் கவனித்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற தலைமை ஆசிரியர். புத்தகங்கள் கொடுத்தார். 1907-இல் மெட்ரிக் தேறியபோது தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். அது எங்கே போய் முடிந்தது என்று நாக்பூர் 1956 சொல்லும். ஒரு பூங்கா, ஒரு புத்தகம், கவனித்துக் கேட்கும் ஒரு பெரியவர், அவ்வளவுதான் அங்கே இருந்தது. நம் மாவட்டத்திலேயே சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது, படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்கு முதலில் இடத்தைத்தான் உண்டாக்கினார்.

அண்மையில் இப்படி ஓர் இடத்தை அரசே கொடுத்தது. 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' அது. ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள், மாலையில் ஒன்றரை மணி நேரம், மாதம் 1,000 ரூபாய். பாடம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தவர்கள். திட்டம் பின்னர் சுருங்கிவிட்டது. ஆனால் அந்தப் பெண்கள் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். கல்லூரி விடுமுறையில் வந்திருக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு மாலை போதும்.

அங்கே மறுபடியும் பாடப்புத்தகத்தை விரிக்க வேண்டாம். ரீசார்ஜ் 28 நாளுக்குத்தான் தருகிறான். அப்படியானால் வருடத்துக்கு எத்தனை ரீசார்ஜ், 12-ஆ 13-ஆ என்று கேளுங்கள். விடை 13. அந்தக் கணக்கைப் போட்ட பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவையே கேள்வி கேட்கும். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை உள்ளே ஏன் பொந்தாக இருக்கிறது என்று கேளுங்கள். அச்சில் களிமண் கூழை ஊற்றுவார்கள், பிளாஸ்டர் அச்சு தண்ணீரை உறிஞ்சும், சுவரோரம் மண் ஒட்டும், மீதிக் கூழை வெளியே கொட்டிவிடுவார்கள். பக்கத்து ஊரில் நடக்கும் இந்த அறிவியலை நம் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டாமா? போனையும் ஒதுக்க வேண்டாம். ஆயா பாடும் நடவுப் பாட்டை, தாத்தா சொல்லும் பழைய பண்ணைக் கதையை அதில் பதிவு செய்து, பிறகு கேட்டுக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். எழுத்தும் வரும், நம் வரலாறும் ஏட்டில் ஏறும். வீட்டில் சாப்பிடும்போதும் இரவு எட்டு மணிக்கு மேலும் போன் அலமாரியில் இருக்கட்டும், அப்பாவின் போனும் சேர்த்து.

மே 1 அன்று கிராமசபை கூடும். விடுமுறை தொடங்கிய கையோடு வரும் நாள். படித்த இளைஞர்கள் நான்கு பேராவது போய் உட்காருங்கள். அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகம் பல ஊராட்சிகளில் பூட்டிக் கிடக்கிறது. அது மே மாதம் முழுக்க மாலை 4 முதல் 7 வரை திறக்க வேண்டும், அது ஊர்த் தெருவில் இருந்தாலும் எல்லாப் பிள்ளைகளும் உள்ளே போய் வர வேண்டும், நம் தெருச் சமுதாயக்கூடத்தில் விளக்கும் மின்விசிறியும் குடிதண்ணீரும் வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். பெண்ணாடம் பேரூராட்சிக்குள் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடம் மனுவாகக் கொடுக்கலாம். சமுதாயக்கூடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.