ஓவிய சிகிச்சையில் முதுநிலைப் படிப்பு: பாகூர், வில்லியனூர் மாணவர்கள் பணம் கட்டும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

"படம் வரைஞ்சா மனசு லேசாகும்" என்று சொல்லாதவர்கள் குறைவு. ஆனால், அதையே முறையான சிகிச்சையாக மருத்துவமனையிலும் சிறப்புப் பள்ளியிலும் செய்வதற்கு முதுநிலைப் படிப்பு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்து இணையத்தில் தேடினால், "சில வாரங்களில் ஆர்ட் தெரபிஸ்ட் ஆகலாம்" என்ற விளம்பரங்கள்தான் முதலில் வந்து நிற்கின்றன. எதற்குப் பணம் கட்டுவது, எதற்கு விண்ணப்பிப்பது? புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன் மாணவர்களுக்கு இருக்கும் வழிகள் என்னென்ன? விரிவாகப் பார்க்கலாம்.

ஓவிய சிகிச்சை என்றால் என்ன?

பேச்சில் சொல்ல முடியாததை வண்ணம், கோடு, களிமண் வழியாக வெளிக்கொண்டுவர உதவும் மனநல சிகிச்சை இது. காசநோயில் இருந்து மீண்டு வந்த பிரிட்டன் ஓவியர் ஏட்ரியன் ஹில், 1942-ல் இந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கினார். அதிர்ச்சிக்கு ஆளான குழந்தைகள், ஆட்டிசம் உள்ளவர்கள், நீண்டநாள் நோயாளிகள், முதியோர் எனப் பலருக்கும் இது பயன்படுத்தப்படுகிறது.

படம் அழகாக இருக்கிறதா என்று இங்கே யாரும் மார்க் போடுவதில்லை. "கறுப்பு கலர் எடுத்தா சோகம், சிவப்பு எடுத்தா கோபம்" என்று ஜோசியம் போலச் சொல்வதும் சிகிச்சை இல்லை. வரைந்தவரே தன் படத்தைப் பற்றிப் பேசும்படி செய்வதும், அப்படிப் பேசும்போது பழைய காயம் கிளறிவிட்டால் அதைப் பாதுகாப்பாகக் கையாள்வதும்தான் சிகிச்சையாளரின் வேலை. ஓவிய ஆசிரியருக்கும் ஓவிய சிகிச்சையாளருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நன்றாக வரையத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கான காரணமும் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

துணை மருத்துவம் மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-ல் நிறைவேறியது. அதன் அட்டவணையில் 'இயக்க சிகிச்சையாளர்' என்ற தொழிலின் கீழ் ஓவியம், நடனம், இயக்கம் சார்ந்த சிகிச்சையாளர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள். பட்டியலில் உள்ள தொழில்களுக்குக் கல்வித் தரத்தை வகுத்து, பதிவை முறைப்படுத்துவதே இந்தச் சட்டத்தின் நோக்கம். அதனால், இன்று எங்கோ வாங்கும் சான்றிதழ் நாளை பதிவுக்குச் செல்லுமா என்ற கேள்வியைச் சேரும்போதே கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு மாற்றமும் முக்கியம். வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் உளவியல் படிப்பது கிராமப்புறப் பட்டதாரிகள் பலருக்குக் கைகொடுத்த வழி. ஆனால், இந்தச் சட்டத்தைக் காரணம் காட்டி, உளவியல் உள்ளிட்ட சில படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்த 2025 ஜூலை-ஆகஸ்ட் கல்விப் பருவம் முதல் யுஜிசி தடை விதித்துள்ளது. "வீட்டில் இருந்தே உளவியல் பட்டம்" என்று யாராவது அழைத்தால் உஷாராக இருப்பது நல்லது.

பக்கத்திலேயே என்ன இருக்கிறது?

இந்தியாவில் ஓவிய சிகிச்சைக்கென்றே முதுநிலைப் பட்டம் தரும் இடங்கள் மிகக் குறைவு. டிப்ளமோவும் சான்றிதழ் படிப்புகளும்தான் அதிகம். எனவே கலை, உளவியல் என்ற இரண்டு கால்களையும் தனித்தனியாக ஊன்றிக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

கலைக்கு: அரியாங்குப்பத்தில் உள்ள அரசு நிறுவனமான பாரதியார் பல்கலைக்கூடத்தில் இளநிலை நுண்கலை, இசை, நடனப் படிப்புகள் இருக்கின்றன. பாகூரில் இருந்தும் வில்லியனூரில் இருந்தும் தினமும் போய் வரக்கூடிய தூரம்தான்.

உளவியலுக்கு: காலாப்பட்டில் உள்ள புதுச்சேரி மத்திய பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியலில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. தேசிய தேர்வு முகமை நடத்தும் க்யூட் முதுநிலை நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை நடக்கிறது. இளநிலையில் எந்தப் பாடம் படித்திருக்க வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் பார்த்த பிறகே விண்ணப்பக் கட்டணம் செலுத்த வேண்டும். இதே பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் நாடகத்தில் முதுநிலை படிக்கலாம். நாடக சிகிச்சைப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இது அடித்தளம்.

பாகூர் கொம்யூனிலேயே ஒரு வாய்ப்பு உண்டு. பிள்ளையார்குப்பத்தில் உள்ள மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில், ஸ்ரீ பாலாஜி வித்யாபீடம் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் 2010-ல் இசை சிகிச்சைக் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகளுடன் பயிற்சி பெறும் வகையில் இசை சிகிச்சைக்குப் பட்டமேற்படிப்பு அளித்த மையம் இது. இந்த ஆண்டு எந்தப் படிப்புக்குச் சேர்க்கை நடக்கிறது, கட்டணம் எவ்வளவு, இசையில் எவ்வளவு தேர்ச்சி தேவை என்பதை நேரில் போய்க் கேட்டுவிடலாம்.

வெளிநாட்டில் படிக்க என்ன கேட்பார்கள்?

பிரிட்டனில் 'ஆர்ட் தெரபிஸ்ட்' என்பது சட்டப் பாதுகாப்பு பெற்ற பெயர். ஹெச்.சி.பி.சி எனும் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்யாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது குற்றம். அந்த அமைப்பு அங்கீகரித்த முதுநிலைப் படிப்பை முடித்தால்தான் பதிவு கிடைக்கும். ஓவியம், இசை, நாடகம் மூன்றுக்கும் இதே விதிதான்.

அமெரிக்காவிலும் முதுநிலைப் பட்டம்தான் நுழைவாயில். அங்கே அங்கீகாரம் பெற்ற படிப்புகளில் சேர, ஓவியப் பயிற்சியில் 18 கிரெடிட், உளவியலில் 12 கிரெடிட் முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். ஓவியம் படித்தவருக்கு உளவியல் குறையும்; உளவியல் படித்தவருக்கு ஓவியம் குறையும். இளநிலை படிக்கும்போதே மற்றதையும் சேர்த்துப் படித்தால் பின்னால் ஒரு வருடம் மிச்சமாகும்.

விண்ணப்பத்தோடு பொதுவாகக் கேட்கப்படுபவை:

* சொந்தப் படைப்புகளின் தொகுப்பு. ஒரே மாதிரியான அழகான படங்களைவிட, பென்சில், வண்ணம், களிமண் எனப் பலவற்றிலும் கை பழகியிருப்பது தெரிய வேண்டும்.
* ஏன் இந்தத் துறை என்பதை விளக்கும் கட்டுரை.
* சிறப்புப் பள்ளி, முதியோர் இல்லம், மருத்துவமனை போன்ற இடங்களில் வேலை செய்த அனுபவம்.
* பேராசிரியர், மேற்பார்வையாளர் பரிந்துரைக் கடிதங்கள்.
* ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்.

இதில் பலரும் கோட்டைவிடுவது அனுபவத்தில்தான். ஊரில் உள்ள சிறப்புப் பள்ளியில் வாரம் ஒருநாள் என ஒரு வருடம் உதவி செய்து, அதற்குக் கடிதம் வாங்கி வைத்தால் விண்ணப்பத்தில் அது தனியாகத் தெரியும். அங்கே 'சிகிச்சை தருகிறேன்' என்று ஆரம்பித்துவிடாமல், உதவியாளராக மட்டும் இருப்பது முக்கியம்.

பணத்துக்கு என்ன வழி?

மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை பலருக்கும் தெரியாத ஒன்று. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடி சமூகத்தினர் மட்டுமல்ல. நிலமற்ற விவசாயக் கூலித் தொழிலாளர்கள், பாரம்பரியக் கைவினைஞர்கள் குடும்பங்களில் இருந்தும் விண்ணப்பிக்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள், வயது 35-க்குள், தகுதிப் படிப்பில் குறைந்தது 60 சதவீத மதிப்பெண் என்பவை முக்கிய நிபந்தனைகள்.

புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூரில் வயல் கூலி வேலை செய்யும் குடும்பங்களும், புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூரின் சுடுமண் கலைக் குடும்பங்களும் இந்தப் பிரிவுகளுக்குப் பொருந்த வாய்ப்பு உண்டு. சுடுமண் கலைக்காகப் புதுச்சேரியின் வி.கே.முனுசாமி 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். களிமண்ணோடு வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அந்தக் கைப்பழக்கமே படைப்புத் தொகுப்பில் பெரிய பலம். எந்தெந்தப் பாடங்களுக்கு, எந்தப் பல்கலைக்கழகங்களுக்கு உதவித்தொகை உண்டு என்பதை அந்த ஆண்டின் வழிகாட்டுதலில் சரிபார்த்த பிறகு விண்ணப்பிக்க வேண்டும். சாதி, வருமானம், தொழில் சான்றிதழ்களைக் கடைசி வாரத்தில் தேடாமல் முன்பே வாங்கி வைப்பது நல்லது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. தருவது பட்டமா, டிப்ளமோவா, வெறும் பங்கேற்புச் சான்றிதழா? எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது?
2. நோயாளிகளுடன் நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம்? எந்த மருத்துவமனையில் அல்லது பள்ளியில்?
3. அந்தப் பயிற்சியை மேற்பார்வை செய்பவரின் தகுதி என்ன?
4. படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்?

நான்குக்கும் எழுத்தில் பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

உளவியல் முதுநிலை முடித்த உடனே 'மருத்துவ உளவியலாளர்' என்று பலகை மாட்டிவிட முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் பதிவும் தேவை. சிகிச்சை என்று நம்பி வரும் ஒரு குழந்தையின் முன்னால் உட்காருவதற்கான தகுதி இது. அதைப் பெற 4, 5 வருடம் ஆகும் என்று கணக்கிட்டுக்கொண்டு, இளநிலை இரண்டாம் ஆண்டிலேயே தயாரிப்பைத் தொடங்கிவிடுவது நல்லது.